மருந்து சொன்னதும் மூளை சொல்வதும்

மனச்சிதைவு நோய்க்கு முதலில் வந்தது மருந்து. காரணம் பின்னால்தான் வந்தது. 1952-இல் பாரிஸின் சேன்த் ஆன் மருத்துவமனையில் ழான் டெலேயும் பியேர் டெனிக்கேரும் குளோர்புரோமசைனைக் கொடுத்தபோது, அது மூளைக்குள் எதைத் தொடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. காதில் ஓயாமல் கேட்ட குரல்கள் தணிந்தன; அதுவே போதுமானதாக இருந்தது. டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு மூளையில் தனி வேலை உண்டு என்று சுவீடனின் அர்விட் கார்ல்சன் காட்டியது 1950-களின் இறுதியில். அவருக்குக் கைகொடுத்தது ரெசர்பின்: பித்துக்கு இந்தியாவில் நெடுங்காலம் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேரின் சத்து. இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் அந்த வேரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1970-களின் நடுவில் டொராண்டோவில் பிலிப் சீமனும் பால்டிமோரில் சாலமன் ஸ்னைடர் குழுவும் ஒன்றைக் கண்டார்கள். பின்னர் டி2 எனப் பெயர்பெற்ற டோபமைன் ஏற்பியை ஒரு மருந்து எவ்வளவு இறுகப் பற்றுகிறதோ, அவ்வளவு குறைந்த அளவே நோயாளிக்குப் போதும். அப்படியானால் நோயே டோபமைன் மிகுதிதான் என்று முடிவாயிற்று. தைலம் தேய்த்தால் தலைவலி போகிறது, ஆகவே தலைவலி தைலக் குறைவால் வருகிறது என்பதைப் போன்ற வாதம். ஆனாலும் அது முழுத் தவறாகவும் போகவில்லை.

அன்று ஆராய்ந்தவை பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மருந்து உண்டவர்களின் மூளைகள், அதுவும் இறந்தபின். கண்ட மாற்றம் நோயாலா, மருந்தாலா? பிரிக்க வழியில்லை. இன்று பார்வை நோயின் வாசலுக்கே வந்துவிட்டது. காரணமில்லாத சந்தேகம், வந்து மறையும் குரல், படிப்பில் திடீர்ச் சரிவு என்ற நிலையில் இருந்த இளைஞர்களை லண்டனில் ஆலிவர் ஹோவ்ஸ் குழு பெட் ஸ்கேனில் பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டது. நோய் முழுதாக வெளிப்படுமுன்பே மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்டிரையேட்டத்தில் டோபமைன் உற்பத்தி கூடியிருந்தது. மூளை முழுக்க அல்ல. ஸ்டிரையேட்டத்தில் சிந்தனையோடு தொடர்புடைய ஒரு பகுதியில். நெற்றிப்பக்க மூளைப் புறணியிலோ டோபமைன் குறைவு என்றே சான்றுகள் சாய்கின்றன. அதனால் ‘கெமிக்கல் கூடிப்போச்சு’ என்பது பாதிக் கதைதான்.

டோபமைனை ஏவிவிடுவது எது? கெட்டமைன் கொடுத்தால் நலமாக இருப்பவருக்கும் சிறிது நேரம் பிரமை போன்ற அனுபவங்கள் வருகின்றன. அது முடக்குவது குளூட்டமேட் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளின் ஓர் ஏற்பியை. காபா என்ற வேதிப்பொருளால் பிற செல்களை அடக்கிவைக்கும் நரம்புசெல்கள் தளர்ந்து, ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி கட்டுமீறி இயங்கி, அந்த வேகம் டோபமைன் செல்களைத் தூண்டுகிறது என்பது இன்று வலுவாகப் பேசப்படும் விளக்கம். நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் பயன்படாததும் டோபமைன் மட்டுமே கதையல்ல என்பதோடு பொருந்துகிறது. அவர்களில் பலருக்கு டோபமைன் உற்பத்தி இயல்பாகவே இருக்கிறது. 2024-இல் அமெரிக்கா அனுமதித்த சனோமெலின்–டிராஸ்பியம் என்ற மருந்து, டி2-வைத் தொடாமல் அசெட்டைல்கோலின் ஏற்பிகள் வழியே வேலை செய்கிறது.

அந்தப் பாதிக் கதையையும் நான் ஏளனம் செய்யமாட்டேன். 1948-இல் மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் தாயைச் சுட்டி எழுதிய பின், பிள்ளையின் நோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்று சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். அந்தப் பழியைத் தாயின் தலையிலிருந்து இறக்கியதில் டோபமைனுக்கும் பங்குண்டு. ஆனால் இவ்வளவுக்குப் பிறகும் ஸ்கேன் எடுத்து ஒருவருக்கு இந்த நோய் என்று உறுதிசெய்ய முடியாது. மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேன் கட்டி போன்ற வேறு காரணங்களை விலக்குவதற்கே. நோயை இன்றும் பேசியும் கேட்டும்தான் கண்டறிகிறார்கள்.