பாலாற்று மணலில் தெர்மாமீட்டர்

சித்திரை வெயிலில் பாலாற்று மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஊற்று உள்ள இடத்தில் தோண்டிப் பார்த்தால் கைக்குச் சில்லென்று தண்ணீர் வரும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள இந்த வெப்ப வித்தியாசத்தை அளந்தே, ஆறு நிலத்துக்கு நீர் கொடுக்கிறதா, நிலத்திடமிருந்து வாங்குகிறதா என்று கணக்கிடலாம்.

நிலத்தடி நீரின் வெப்பநிலை ஆண்டு முழுக்க அதிகம் மாறாது. ஆற்றுநீர் பகலில் சூடேறி இரவில் ஆறும். படுகையில் ஒரு குழாயை அடித்து இறக்கி, நாலைந்து ஆழங்களில் உணரிகளைப் பொருத்துகிறார்கள். நீர் கீழே இறங்கும் இடத்தில் பகல் சூடு ஆழம்வரை போகும். ஆனால் சில மணி நேரம் பிந்தி, கொஞ்சம் குறைந்து போகும். ஊற்று மேலெழும் இடத்தில் அந்தச் சூடு சில அங்குலத்திலேயே அடங்கிவிடும். எவ்வளவு பிந்தியது, எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து நீர் இறங்கும் வேகம் தெரியும்.

1960-லேயே ஜப்பானிய ஆய்வாளர் சுஸுகி, நெல்வயலில் நீர் இறங்குவதை மண்ணின் வெப்பத்தை வைத்து அளக்கும் வழியை எழுதினார். 2006-ல் லக்ஸம்பர்க்கின் மைஸ்பிக் ஓடையில் கண்ணாடி இழை கேபிளைக் கிடத்தி, லேசர் ஒளியால் மீட்டருக்கு மீட்டர் வெப்பநிலை பார்த்தார்கள். ஊற்றுநீர் கலக்கும் இடங்கள் பிடிபட்டன. நம் ஆறுகள் பெரும்பாலும் காய்ந்தல்லவா கிடக்கின்றன? அமெரிக்காவின் தென்மேற்கில், எப்போதாவது மட்டுமே ஓடும் ஆறுகளிலும் இதே முறை கைகொடுத்திருக்கிறது. வெள்ளம் வந்ததும் மணலுக்குள் வெப்பம் சட்டென்று மாறும். எந்த நேரத்தில் நீர் வந்தது, எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது பதிவாகிவிடும்.

என் கவலை மணலைப் பற்றியது. இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் அந்த மணலுக்குள்தான் நடக்கிறது. பாலாற்றுக் கரை ஊர்கள் படுகையில் ஊற்றுக்கால் வெட்டி, மணலுக்குள் ஓடிய நீரை வயலுக்குக் கொண்டுபோனவை. படுகை பள்ளமானால் நீர்மட்டம் கீழே போகும், கால்வாயின் தலை மேலே நிற்கும். மணல் சுரண்டப்பட்டுக் களிமண் தெரிந்துவிட்ட இடத்தில் வெள்ளமே வந்தாலும் நீர் லேசில் இறங்காது. வீடு கட்ட மணல் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். அதற்காக எந்த இடத்து மணல் ஊருக்குத் தண்ணீர் ஊட்டுகிறது என்று பாராமலே அள்ளுவதை ஏற்க முடியாது.

பத்தடி ஆழ மணல் லாரிகளில் ஏறிப்போன பிறகு அங்கே உணரி இறக்கி என்ன பயன்? குவாரிக்கு எல்லைக்கல் நடுவதற்கு முன்னால், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அந்தப் படுகையின் வெப்பத்தை அளக்க வேண்டும். அளந்ததைக் கிராம சபையில் வாசித்துக் காட்ட வேண்டும். ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் அடுத்த கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.