ஆட்சி மாற்றங்களும் மக்களின் எதிர்வினைகளும்

தேர்தல் முடிவுகள் வெளியாகி நாட்டில் ஆட்சி மாறும் ஒவ்வொரு தடவையும் தெற்கின் வீதிகளில் பட்டாசுகள் வெடிக்கின்றன. பாற்சோறு பகிரப்படுகின்றது. தோற்றவர்களின் சுவரொட்டிகள் கிழிக்கப்படுகின்றன. அதே வேளையில் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் மக்கள் அந்தச் செய்தியை வேறு விதமாக எதிர்கொள்கின்றனர். சில சந்தர்ப்பங்களில் அது நிம்மதிப் பெருமூச்சாகவும், சில சந்தர்ப்பங்களில் அச்சமாகவும், இன்னும் சில சந்தர்ப்பங்களில் வெறும் மௌனமாகவும் இருந்துள்ளது. ஒரே நாட்டில், ஒரே தேர்தலில் வாக்களித்த மக்கள் அதன் முடிவை இவ்வளவு வேறுபட்ட உணர்வுகளுடன் ஏற்றுக்கொள்வது ஏன் என்பதை விளங்கிக்கொள்ளாமல் இந்நாட்டின் அரசியலை விளங்கிக்கொள்ள முடியாது.

சுதந்திர இலங்கையின் முதலாவது பெரும் ஆட்சி மாற்றம் 1956 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இடம்பெற்றது. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி வெற்றி பெற்றபோது சாதாரண சிங்கள மக்கள் அதனைத் தமது சொந்த வெற்றியாகவே கொண்டாடினர். புதிய பாராளுமன்றம் கூடிய நாளில் மக்கள் திரள் சபா மண்டபத்தினுள் புகுந்து ஆசனங்களில் அமர்ந்து பார்த்தமை இன்றுவரை பேசப்படுகின்றது. ஆங்கிலம் கற்ற ஒரு சிலருக்கே உரியதாக இருந்த அதிகாரம் தம்மிடம் வந்துவிட்டது என்ற எண்ணத்தின் வெளிப்பாடே அது. ஆனால், அதே ஆண்டு ஜூன் 5 ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டபோது, காலிமுகத்திடலில் அறவழியில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டனர். ஒரு சமூகம் தனது விடுதலையாகக் கருதிய ஆட்சி மாற்றம் மற்றொரு சமூகத்துக்கு உரிமை இழப்பின் தொடக்கமாக அமைந்தது. அன்று விழுந்த அந்த இடைவெளி பின்னர் வந்த ஒவ்வொரு ஆட்சி மாற்றத்திலும் ஏதோ ஒரு வடிவில் வெளிப்பட்டு வந்திருக்கின்றது.

1977 ஆம் ஆண்டு ஜூலைத் தேர்தல் இதற்கு மற்றுமோர் உதாரணமாகும். 168 ஆசனங்களைக் கொண்ட சபையில் ஐக்கிய தேசியக் கட்சி 140 ஆசனங்களைக் கைப்பற்றியது. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்று, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அரிசிக்கும் துணிக்கும் வரிசையில் நின்று களைத்திருந்த மக்களின் கோபம் வாக்குகளாக வெளிப்பட்டமை இயல்பானதே. எனினும், வெற்றியைத் தொடர்ந்து தோற்ற கட்சியினர் மீது வன்முறைகள் கட்டவிழ்த்துவிடப்பட்டன. ஓகஸ்ட் மாதத்தில் அது தமிழ் மக்களுக்கு எதிரான இனக்கலவரமாக மாறியது. மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் வவுனியா போன்ற இடங்களில் தஞ்சம் புக நேர்ந்தது. அக்கலவரம் பற்றி விசாரிப்பதற்கு சன்சோனி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. ஆணைக்குழு விசாரித்தது, அறிக்கை வந்தது. ஆனால் ஆறு ஆண்டுகளின் பின்னர் 1983 ஜூலையை எவரும் தடுக்கவில்லை.

ஆட்சி மாற்றம் என்றால் எப்போதும் அச்சமே என்றும் கூறிவிட முடியாது. 1994 இல் பதினேழு ஆண்டுகால ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிவுக்கு வந்து, அவ்வாண்டு நவம்பரில் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க 62 வீதத்துக்கும் அதிகமான வாக்குகளுடன் ஜனாதிபதியாகத் தெரிவானபோது யாழ்ப்பாணத்தில் நிலவிய எதிர்பார்ப்பு அசாதாரணமானது. பொருளாதாரத் தடையால் வாடியிருந்த குடாநாட்டின் கடைகளில் அவரது பெயரைச் சூட்டிய வளையல்கள் விற்பனையாகின. முஸ்லிம் மக்களைப் பொறுத்தவரை, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஆட்சியின் பங்காளியாகி, அதன் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் அமைச்சரானமை தமது சமூகத்தின் பேரம் பேசும் சக்திக்குக் கிடைத்த அங்கீகாரமாகத் தோன்றியது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவானதும் அக்காலப் பகுதியிலேயே ஆகும். ஆயினும், 1995 ஏப்ரலில் யுத்தம் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு வெளியேறினர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களோ, ஆட்சி மாறிய பின்னரும் புத்தளத்து முகாம்களிலேயே இருந்தனர்.

இந்த எதிர்வினைகளின் அடியில் இருப்பது என்ன? சிங்கள வாக்காளர் ஒருவர் தேர்தலில் விடையளிக்கும் கேள்வி பெரும்பாலும் வாழ்க்கைச் செலவு, தொழில், ஊழல், நாட்டின் பாதுகாப்பு ஆகியவை பற்றியதாகும். தமிழ் வாக்காளரும் அவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கின்றார். ஆனால், அவற்றுக்கு முன்னால் அவருக்கு வேறு கேள்விகள் உள்ளன. எமது காணி திரும்பக் கிடைக்குமா? காணாமல் ஆக்கப்பட்டவருக்கு என்ன நேர்ந்தது? எமது ஊரின் அலுவல்களைத் தீர்மானிக்கும் அதிகாரம் எம்மிடம் வருமா? முஸ்லிம் வாக்காளரோ பள்ளிவாசலினதும் கடையினதும் பாதுகாப்பையும், கிழக்கில் காணியையும் நிர்வாக அலகுகளையும் பற்றிச் சிந்திக்கின்றார். மலையகத் தொழிலாளி நாட்சம்பளத்தையும், தலைமுறைகளாக வாழும் லயத்துக்கு மாற்றாகச் சொந்தக் காணியுடன் ஒரு வீட்டையும் எதிர்பார்க்கின்றார். விடைத்தாள் ஒன்றாக இருந்தாலும் வினாத்தாள்கள் வெவ்வேறாக இருக்கின்றன. எனவே பெறுபேறு வெளியாகும்போது எல்லோரும் ஒரே விதமாக மகிழ்வதோ துயருறுவதோ சாத்தியமில்லை.

இதற்கு அரசியலமைப்பு சார்ந்த காரணமும் உண்டு. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஜனாதிபதியாக வருபவர் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற வேண்டும்; முதல் எண்ணிக்கையில் எவருக்கும் அது கிட்டாவிடின் விருப்பு வாக்குகள் எண்ணப்படும். சிங்கள வாக்குகள் இரண்டாகப் பிரியும் சந்தர்ப்பத்தில் தமிழ், முஸ்லிம் வாக்குகளே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. அவை ஒரே பக்கமாகத் திரளும்போது சிறுபான்மையினர் இல்லாமலே வெற்றி பெற முடிகின்றது. முதலாவதற்கு 2015 உம், இரண்டாவதற்கு 2019 உம் சாட்சியாகும்.

2015 ஜனவரி 8 ஆம் திகதித் தேர்தலில் மைத்திரிபால சிறிசேன 51.28 வீத வாக்குகளையும், மகிந்த ராஜபக்ஷ 47.58 வீத வாக்குகளையும் பெற்றனர். இருவருக்கும் இடையிலான வித்தியாசம் நாலரை இலட்சத்தை எட்டவில்லை. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல, நுவரெலியா ஆகிய தேர்தல் மாவட்டங்கள் அனைத்திலும் சிறிசேன பெரும்பான்மை பெற்றார். 2014 ஜூனில் அளுத்கமையில் இடம்பெற்ற வன்முறைகளின் பின்னர் முஸ்லிம் மக்கள், தமது தலைவர்கள் தீர்மானம் எடுப்பதற்கு முன்பாகவே தீர்மானித்துவிட்டனர் என்பது அப்போது பரவலாகப் பேசப்பட்ட உண்மையாகும். மறுநாள் அதிகாலையிலேயே தோற்ற ஜனாதிபதி அலரி மாளிகையை விட்டு வெளியேறினார். அன்று இப்பகுதிகளில் காணப்பட்டது வெற்றிக் களிப்பு என்பதைவிட, மூச்சுவிட ஓர் இடைவெளி கிடைத்த ஆறுதல் என்பதே பொருத்தமாகும்.

அந்த ஆறுதலுக்கு ஆதாரமும் இருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் முன்னாள் படை அதிகாரிகளுக்குப் பதிலாக சிவில் அதிகாரிகள் ஆளுநர்களாக நியமிக்கப்பட்டனர். சம்பூரிலும் வலிகாமம் வடக்கிலும் காணிகளின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. 2016 சுதந்திர தினத்தில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. எனினும், 2017 பெப்ரவரியில் கேப்பாப்பிலவில் மக்கள் தமது காணிகளைக் கேட்டு வீதியில் அமர்ந்தனர். அதே மாதத்தில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். எந்த ஆட்சியைக் கொண்டுவருவதற்கு அந்த மாவட்டங்கள் வாக்களித்தனவோ, அந்த ஆட்சியை நோக்கியே தாய்மார் பதில் கேட்க வேண்டியதாயிற்று. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, அளுத்கமையை நினைத்து வாக்களித்தவர்களின் ஏமாற்றம் சொல்லில் அடங்காதது.

2019 இல் நிலைமை தலைகீழானது. ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் தேசிய பாதுகாப்பை ஒரே தேர்தல் பிரச்சினையாக மாற்றின. நவம்பர் 16 ஆம் திகதி கோத்தாபய ராஜபக்ஷ 52.25 வீத வாக்குகளுடன் வெற்றி பெற்றார். வடக்கும் கிழக்கும் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தன. தேர்தல் வரைபடம் இரு நிறங்களில் நாட்டின் பிளவைக் காட்டியது. புதிய ஜனாதிபதி அநுராதபுரத்தில் ருவன்வெலிசாய முன்பாகப் பதவியேற்று, சிங்கள மக்களின் வாக்குகளாலேயே வெல்ல முடியும் என்பதைத் தாம் அறிந்திருந்ததாகக் கூறினார். தெற்கின் இளைஞர்கள் நகரச் சுவர்களில் சித்திரங்கள் தீட்டித் தமது உற்சாகத்தை வெளிப்படுத்தினர். முதலில் அமைக்கப்பட்ட அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவரேனும் இருக்கவில்லை. 2020 சுதந்திர தினத்தில் தமிழில் தேசிய கீதம் இசைக்கப்படவில்லை. கொவிட் காலத்தில் முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் அவர்களது விருப்பத்துக்கு மாறாக எரியூட்டப்பட்டன. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அதற்கான மன்னிப்பை அமைச்சரவை கோரியது 2024 ஜூலையில். அப்போது ஆட்சியும் மாறியிருந்தது.

சுவர்களில் சித்திரம் வரைந்த அதே தலைமுறையே 2022 இல் காலிமுகத்திடலில் கூடி அந்த ஜனாதிபதியைப் பதவி விலகச் செய்தது என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவ்வாண்டு மே 18 ஆம் திகதி அதே திடலில் முள்ளிவாய்க்காலில் உயிரிழந்தவர்கள் நினைவுகூரப்பட்டமை, 1956 இல் அங்கு நடந்ததை அறிந்தவர்களுக்கு நெகிழ்ச்சியான காட்சியாகும். எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அனுபவம், வெவ்வேறு வினாத்தாள்களில் ஒரு பொதுவான வினாவைச் சேர்த்திருந்தது.

அதன் விளைவை 2024 இல் கண்டோம். செப்டெம்பர் 21 ஆம் திகதித் தேர்தலில் எவரும் பாதிக்கு மேல் பெறாததால் வரலாற்றில் முதற்தடவையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டு, அநுரகுமார திசாநாயக்க வெற்றி பெற்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்த வாக்குகள் 27,086 மட்டுமே. அங்கு சஜித் பிரேமதாச முதலிடத்தையும், தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் அதற்கு அடுத்த இடத்தையும் பெற்றிருந்தனர். இரண்டு மாதங்கள் கழியவில்லை. நவம்பர் 14 ஆம் திகதிப் பொதுத் தேர்தலில் அதே மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளைப் பெற்று, ஆறு ஆசனங்களில் மூன்றைக் கைப்பற்றியது. நாடளாவிய ரீதியில் 159 ஆசனங்கள் அக்கட்சிக்குக் கிடைத்தன. தெற்கின் கட்சி ஒன்று யாழ்ப்பாணத்தில் முதலிடம் பெற்றமை பலரைத் திகைக்க வைத்தது.

தமிழ் மக்கள் தமது அரசியல் கோரிக்கைகளைக் கைவிட்டுவிட்டனர் என்று கொழும்பில் சிலர் இதனை வியாக்கியானம் செய்தனர். அது அவசர முடிவாகும். பல அணிகளாகச் சிதறி ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்த தமிழ்த் தலைமைகள் மீதான சலிப்பும், வன்முறையின்றி நடந்தேறிய ஜனாதிபதித் தேர்தல் ஏற்படுத்திய நல்லெண்ணமும் அதில் கலந்திருந்தன. அதே தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டம் தமிழரசுக் கட்சியின் பக்கமே நின்றது. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்திலும் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னிலைக்கு வந்தது. வாக்கு, மக்கள் கொடுத்த கடனே அன்றி எழுதிக் கொடுத்த உறுதி அல்ல என்பதை ஆறு மாத இடைவெளியில் அவர்கள் உணர்த்தினர். 2024 நவம்பரில் அமைந்த அமைச்சரவையிலும் முஸ்லிம் ஒருவர் இடம்பெறாதபோது, அக்கட்சிக்கு வாக்களித்திருந்த முஸ்லிம்களே முதலில் ஆதங்கத்தை வெளியிட்டனர். தகுதியே அளவுகோல் என்ற அரசாங்கத்தின் விளக்கம், அவ்வளவு பெரிய சமூகத்தில் தகுதியானவர் ஒருவர் இல்லையா என்ற வினாவுக்கு விடையாகவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து எமது வாசகர்கள் கவனத்திற் கொள்ள வேண்டியவை சில உண்டு. முதலாவது, தேர்தல் மறுநாளின் மகிழ்ச்சியையோ அச்சத்தையோ கொண்டு ஓர் ஆட்சியை எடைபோடுவது தவறு. ஆட்சியாளரின் இனிய சொற்களையும் கடுஞ்சொற்களையும் விட, எளிதில் திருப்பி எடுக்க முடியாத மாற்றங்களையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். ஒரு சுற்றறிக்கையால் வந்த தேசிய கீதம் மற்றொரு முடிவால் போய்விட்டது. 1979 இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டமோ, எத்தனையோ வாக்குறுதிகளைத் தாண்டிப் பல ஆட்சிகளைக் கண்டது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இலும் வடக்கினது 2018 இலும் முடிவடைந்த பின்னர், தேர்தலின்றி ஆளுநர்களின் கீழ் ஆண்டுகள் பல கழிந்தன. சட்டமும் அதிகாரமும் மாறினாலன்றி, ஆட்சி மாற்றம் ஆட்களின் மாற்றமாகவே முடிந்துவிடும்.

இரண்டாவது, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வேட்பாளருக்கு வாக்களித்த 2015 இலும் 2019 இலும் கூட, வாக்களித்த மறுநாள் முதல் தனித்தனியாகவே கொழும்பின் கதவைத் தட்டினர். காணி, மீள்குடியேற்றம், நிர்வாக எல்லைகள் ஆகியவற்றில் இரு சமூகங்களுக்கும் இடையில் உண்மையான முரண்பாடுகள் உண்டு. அவற்றை மறைப்பதால் எவருக்கும் பயனில்லை. ஆனால், அவற்றைத் தமக்குள் பேசித் தீர்க்கும் முயற்சி இல்லாதவரை, எந்த ஆட்சிக்கும் ஒருவரைக் காட்டி மற்றவரைத் தட்டிக்கழிப்பது இலகுவாகவே இருக்கும்.

மூன்றாவது, தெற்கின் மக்களுடைய எதிர்வினைகளை எப்போதும் பகைமையாக மட்டும் வாசிக்கக் கூடாது. 2019 இல் பெருமிதத்துடன் வாக்களித்த பலர் 2022 இல் தமது தவறைத் தாமே திருத்திக்கொண்டனர். அந்தத் திருத்தத்தை நிலையானதாக்குவதற்கு அவர்களுடன் அவர்களது மொழியில் பேசுவதற்கான முயற்சிகள் தமிழ் பேசும் மக்கள் தரப்பிலிருந்தும் பெருக வேண்டும்.

ஆட்சி மாற்றத்தின் உண்மையான பெறுபேறு வாக்கு எண்ணும் நிலையங்களில் வெளியாவதில்லை. தேர்தலின் பின்னர் ஓராண்டு கழிந்து, கேப்பாப்பிலவிலும் புத்தளத்திலும் தோட்டத்து லயங்களிலும் உள்ளவர்களிடம் என்ன மாறியது என்று கேட்கும்போது கிடைக்கும் விடையே அப்பெறுபேறாகும். அந்த விடை சாதகமாக அமையும் நாளில்தான் இந்நாட்டு மக்கள் அனைவரும் ஒரு தேர்தல் முடிவை ஒன்றாகக் கொண்டாட முடியும்.