கட்டைவிரலின் அடிமூட்டு

சென்ற வாரம் விரல்கள் மரத்துப்போவதைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம், மரத்துப்போகாமல் வலிக்கிற கட்டைவிரல்.

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே பூக்கட்டும் பெண்களின் கைகளைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடிக்கின்றன. குரோம்பேட்டையில் நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிக்கும் தையற்காரருக்கும், ஈரத்துணி பிழியும் அம்மாக்களுக்கும் இதே வேலைதான். விரல் நுனியில் 1 கிலோ விசையோடு கிள்ளினால், மணிக்கட்டை ஒட்டிய கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ இறங்குகிறது என்று கூனி, சாவோ என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் கணக்கிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இந்த மூட்டு அதிகம் தேய்வதில் வியப்பில்லை.

இதைக் கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது மருத்துவரின் கை. ஆனால் நடப்பது என்ன? "கை வலிக்குது டாக்டர்" என்றதும் ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் சீட்டு எழுதப்படுகிறது. விரலை யாரும் தொடுவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. எக்ஸ்ரேயில் மூட்டு நன்றாகத் தேய்ந்திருந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு. படத்தில் லேசான மாற்றம் மட்டுமே தெரிய, குழாயைத் திருகக்கூட முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. வலிப்பது இந்த மூட்டுதானா என்பதைப் படம் தனியாகச் சொல்லிவிடாது.

தொட்டுப் பார்ப்பதன் அருமைக்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவைசிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், பிறகு செங்கல்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையை நீட்டி அழுத்தச் சொன்னார். பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது. செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்த கையில் வலுவான தசைகள் மிச்சமிருந்தன. அந்தத் தசைகளின் நாண்களை இடம் மாற்றி விரல்களை மீட்கும் அறுவைசிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது.

கட்டைவிரலுக்கு வருவோம். "எங்கம்மா வலிக்குது?" என்றால், தேய்மானம் உள்ளவர் பெரும்பாலும் மறு கையால் கட்டைவிரலின் அடியைப் பிடித்துக் காட்டுவார். அங்கே எலும்பு ஒரு படிபோலப் புடைத்திருக்கலாம். அழுத்தினால் வலிக்கும். அடுத்தது புகழ்பெற்ற கிரைண்ட் டெஸ்ட். மருத்துவர் கட்டைவிரலின் உள்ளங்கை எலும்பைப் பிடித்து, மணிக்கட்டை நோக்கி அழுத்தியபடியே, ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றுவதுபோலச் சுழற்றுவார். வலியோ நறநறப்போ வந்தால் சந்தேகம் உறுதிப்படும். வராவிட்டால் நோய் இல்லை என்று அனுப்பிவிடக் கூடாது. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தேய்மான வலி இருந்தவர்களில் 44 சதவீதத்தினரை மட்டுமே இந்தச் சோதனை காட்டிக்கொடுத்தது. அதே எலும்பை ஆள்காட்டி விரல் பக்கமாக அழுத்துவது, பின்பக்கமாக நீட்டி அழுத்துவது என்ற இரண்டு எளிய சோதனைகளோ ஒவ்வொன்றும் 94 சதவீதத்தினரைக் காட்டின. அரை நிமிட வேலை, செலவும் இல்லை. கிரைண்ட் டெஸ்ட்டோடு நிறுத்திக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

குழப்பம் வருவது கட்டைவிரல் நாண் உறை வீக்கத்தோடு. 1895இல் சுவிஸ் மருத்துவர் டி கெர்வேன் விவரித்த நோய் அது. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் இளம் தாய்மார்களிடம் அதிகம். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிய கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் மணிக்கட்டின் ஓரத்தில் சுரீரென்று இழுக்கும். அடிமூட்டு தேய்ந்தவருக்கும் இதில் வலிக்கலாம் என்பதால், எந்த இடத்தில் வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். மணிக்கட்டு எலும்பு முனைக்கு மேலே என்றால் நாண் உறை. அதைத் தாண்டி விரல் பக்கமாக என்றால் மூட்டு. இரண்டும் ஒரே கையில் சேர்ந்திருப்பதும் உண்டு.

எக்ஸ்ரே இதற்குப் பிறகுதான். அப்போதும் வெறுமனே கையைப் படமெடுத்தால் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இந்த மூட்டு மறைந்துவிடும்; கட்டைவிரலுக்கென்று தனிக் கோணத்தில் எடுக்கச் சொல்ல வேண்டும். தாம்பரத்திலிருந்து பீச் ரயிலேறிப் போகிற தூரத்தில், பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைசிகிச்சைத் துறை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருக்கிறது. கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டையும் மாத்திரையும் பலன் தராதவர்கள் அங்கே காட்டலாம். அந்தப் பட்டையை எப்போது, எவ்வளவு நேரம் போடுவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.