இஸ்பேட் ராஜா குக்கரைச் சீவுகிறார்!

முதலில் அந்த மேசையைப் பாருங்கள். காதை இறுக்கி அடைக்க ஒரு பெரிய ஹெட்போன். பாட்டுக் கேட்க அல்ல, அடுத்த மேசைக்காரர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்காமலிருக்க! சிலர் ஓரப்பார்வையை மறைக்கும் கண்ணாடி வேறு மாட்டிக்கொள்கிறார்கள். நடுவில் கை வைத்தால் நிற்கும் டைமர். பக்கத்தில் இரண்டு சீட்டுக்கட்டுகள். ஒன்று கண்டபடி குலுக்கியது, மற்றது வரிசை குலையாதது.

குலுக்கிய கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு டைமரைத் தட்ட வேண்டும். பிறகு 5 நிமிடத்துக்குள் இரண்டாவது கட்டை அதே குலுக்கல் வரிசையில் அடுக்க வேண்டும். முடிந்ததும் நடுவர் எதிரே உட்கார்ந்து, இரண்டு கட்டிலிருந்தும் ஒவ்வொரு சீட்டாகத் திருப்புவார். ஆட்டின் ஏழு, ஆட்டின் ஏழு. கிளாவர் மூணு, கிளாவர் மூணு. பார்க்கிற நமக்கே உள்ளங்கை வியர்த்துவிடும்!

உலக நினைவாற்றல் போட்டியின் பத்துச் சுற்றுகளில் இது ஒன்று. 1991இல் டோனி பூசானும் ரேமண்ட் கீனும் லண்டனில் தொடங்கிவைத்த போட்டி அது. இன்னொரு சுற்றில் வருடங்களைப் படிக்கக் கொடுப்பார்கள். நடந்த சரித்திரம் என்றால் முன்பே தெரிந்தவர் ஜெயித்துவிடுவாரே? அதனால் எல்லாம் கட்டிவிட்ட சம்பவங்கள். நடக்கவே நடக்காத ஒன்று எந்த வருடத்தில் நடந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இதைவிடக் குஷியான பரீட்சை எங்கே கிடைக்கும்?

சரி, இப்போது மேக்கப் அறைக்குள் நுழைவோம். இங்கேதான் குட்டு உடைகிறது. சீட்டைச் சீட்டாகவோ எண்ணை எண்ணாகவோ இங்கே யாரும் மனப்பாடம் செய்வதில்லை. எல்லாவற்றுக்கும் வேஷம் கட்டிவிடுகிறார்கள். 52 சீட்டுக்கும் ஆளுக்கொரு பாத்திரம், ஒரு செயல், ஒரு பொருள் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது பலருடைய வழக்கம். உங்கள் பட்டியலில் இஸ்பேட் ராஜா வடிவேலு என்று வையுங்கள். கிளாவர் மூன்றின் செயல் இளநீர் சீவுவது. டைமன் ராணியின் பொருள் பிரஷர் குக்கர். மூன்றும் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும்? வடிவேலு அரிவாளோடு குக்கரைச் சீவிக்கொண்டிருப்பார், அதுவும் உங்கள் வீட்டு கேட்டிலேயே. அடுத்த மூன்று சீட்டு செருப்பு ஸ்டாண்டில், அதற்கடுத்தது ஹால் சோபாவில். 17 காட்சியும் ஒரு சில்லறைச் சீட்டுமாகக் கட்டு முடிந்தது. திருப்பி அடுக்கும்போது மனதுக்குள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும்.

காட்சி எவ்வளவு கோமாளித்தனமோ அவ்வளவு நல்லது. வெளியே சொல்ல முடியாத காட்சிகள்தான் இன்னும் கெட்டியாக ஒட்டும் என்கிறார்கள். சாம்பியன்கள் தங்கள் பட்டியலை முழுதாகக் காட்டக் கூச்சப்படுவதில் நியாயம் இருக்கிறது. இதில் ஒரு தொல்லையும் உண்டு. காலையில் சோபாவில் உட்கார வைத்த ஆசாமி மதியச் சுற்றிலும் எழுந்து போகாமல் அங்கேயே இருப்பார். ‘பேய்’ என்றே இதற்குப் பெயர். எனவே ஒரு வீடு பத்தாது. படித்த பள்ளிக்கூடம், பெரியம்மா வீடு, பேருந்து நிலையம் என்று வழிகளைச் சேர்த்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

பிறவி மூளைக்காரர்களுக்கு மட்டும்தானா இது? நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சோதனையில், நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு 40 நாள், தினம் அரை மணி நேரம் இந்த வீடு சுற்றும் வித்தையைப் பழக்கினார்கள். 72 சொற்களில் சராசரியாக 26ஐ நினைவில் வைத்தவர்கள் 62க்குத் தாவினார்கள்.

இனி நம்ம ஊர்ப் பக்கம். 2025 பிப்ரவரியில் மெமரி லீக் என்ற இன்னொரு நினைவாற்றல் போட்டியின் உலகப் பட்டத்தை வென்றவர் புதுச்சேரியின் கல்லூரி மாணவர் விஷ்வா ராஜகுமார். 80 எண்களை 13.5 நொடியில் உள்ளே தள்ளியவர்! தண்ணீர் நிறையக் குடிப்பதும் அவருடைய தயாரிப்பில் சேர்த்தி. மனப்பாடம் செய்யும்போது நாம் மனதுக்குள் பேசுகிறோமாம், அதற்குத் தொண்டை தெளிவாக இருக்க வேண்டுமாம்.

இதே புதுச்சேரியில், சுமார் 200 வருடத்துக்கு முன்னால் இன்னொரு ஆட்டம் நடந்திருக்கிறது. எனக்குப் புல்லரித்த இடம் இது. 1825 மே 31 இரவுச் சந்திர கிரகணத்தை ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் கணித்ததை ஜான் வாரன் என்பவர் ‘காலசங்கலிதா’ என்ற நூலில் எழுதி வைத்திருக்கிறார். காகிதம் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை நகர்த்தி நகர்த்திக் கணக்கு. வேண்டிய அட்டவணைகள் எல்லாம் தலைக்குள், சொற்களாக வேஷம் கட்டி! வானியல் கொள்கை எதுவும் அவருக்குத் தெரியாதாம். ஆனாலும் கிரகணத் தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம்தான். நடுவில் 23, முடிவில் 52 என்று போகப்போகத் தள்ளாடியது வேறு விஷயம்.

எண்ணைச் சொல்லாக்கும் அந்த முறைக்குக் கடபயாதி என்று பெயர். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடியில் இருக்கும் 248 சந்திர வாக்கியங்களும் இந்த வேஷத்தில்தான் திரிகின்றன. டிசம்பர் சபாக்களில் ராகப் பெயர்களாக நாம் தினம் கேட்பதும் இதையேதான். மேசகல்யாணியை எடுங்கள். கிரந்த எழுத்து வரிசையில் ‘ம’ ப-வர்க்கத்தின் ஐந்தாவது, ஆகவே 5. ‘ச’ க-வர்க்கம் ஐந்தும் தாண்டி ஆறாவது, ஆகவே 6. 56ஐத் திருப்பிப் போட்டால் 65. மேளகர்த்தா ராக வரிசையில் அதன் எண் அதுவே! மாயாமாளவகௌளை: ம 5, ய 1, திருப்பினால் 15.

சங்கராபரணத்துக்கு முன்னால் ‘தீர’ ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அங்கே வரும் ‘த’ நான்காவது த, அதற்கு 9, ‘ர’வுக்கு 2. திருப்பினால் 29. சரிதான். ‘தீர’வைக் கழற்றிவிட்டுக் கணக்குப் போட்டால்? இங்கே வரும் ‘ச’ மேசகல்யாணியின் ‘ச’ அல்ல, வேறு எழுத்து (ஶ); அதற்கு 5, ‘க’ 1. சங்கராபரணம் நேராகப் போய் 15ஆம் நாற்காலியில், மாயாமாளவகௌளையின் மடியிலேயே உட்கார்ந்துவிடும்!