ஊசிக்கு மாறிய தாயின் பயம்



சபையில் வெளிப்படையாகப் பேசப்படாத ஒரு காரியத்தை இம்முறை எழுதுகிறோம். பேசாததாலேயே அநேகத் தாய்மார் துன்பப்படுகிறார்கள்.

இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் எங்கள் மகப்பேறு பிரிவுக்கு வந்தார். தினமும் கருத்தடை மாத்திரை சாப்பிட மறந்துபோவதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு வேறோரிடத்தில் மாறியிருந்தார். முதலில் சொட்டுச் சொட்டாக உதிரம் பட்டது. பிறகு மாதவிலக்கே நின்றது. “கெட்ட ரத்தம் உள்ளே கட்டிக்கிடக்குது” என்றார் மாமியார். பயந்துபோய் அடுத்த ஊசிக்கு அவர் போகவில்லை. எங்களிடம் வந்தபோது மூன்றாவது முறை கர்ப்பம், இளைய பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பவில்லை, இரத்தச்சோகை வேறு.

நடந்தது என்ன? வழக்கமான மாத்திரையில் இரண்டு வகை ஹார்மோன்கள் உண்டு. மாதந்தோறும் சில நாள் ஹார்மோன் நிற்பதால் உதிரம் போகிறது. ஊசியில் ஒரு ஹார்மோன் மட்டுமே. அது கருப்பையின் உட்படலத்தை மெல்லியதாக்கிவிடுகிறது. ஆகவே வெளியேற எதுவும் சேருவதில்லை. உள்ளே கட்டிக்கிடப்பதும் இல்லை. இதை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்தத் தாய் பயந்திருக்கமாட்டார்.

ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறுகிறவர்களுக்குக் குமட்டல், தலைவலி, மார்பில் வலி வரலாம். பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதங்களில் குறைந்துவிடும். இரவில் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை எடுத்தால் குமட்டல் குறையும். “உடம்பு கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்” என்று நடுவில் இடைவெளி விடத் தேவையில்லை. அந்த இடைவெளியில்தான் பலர் கர்ப்பமாகிறார்கள். ஊசியை நிறுத்தியபின் கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். அது மலடு அல்ல.

எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களும், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களும் இரண்டு ஹார்மோன் மாத்திரையைத் தவிர்க்கவேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்து அம்மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். கடும் தலைவலி, நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், பார்வை மங்குதல் ஆகியவை கண்டால் உடனே மருத்துவரிடம் வரவேண்டும்.

2017-இல் மத்திய அரசு ‘அந்தரா’ என்ற பெயரில் இந்த ஊசியை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஊசி இலவசமாகவே கிடைக்கிறது. அருகில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச ஆள் கிடைப்பதுதான் அரிது. உங்கள் காணிக்கை அந்த அரை மணி நேரத்தை ஒரு செவிலியருக்குத் தருகிறது. இரத்த அழுத்தம் பார்க்கவும் இரும்புச்சத்து மாத்திரை வாங்கவும் உதவுகிறது.

மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் வருந்திய பெண் தன் கதை முழுவதையும் சொல்லுமளவும் நம் ஆண்டவர் நின்று கேட்டார். நாங்களும் அப்படியே கேட்க விரும்புகிறோம்.

ஜெபக்குறிப்புகள்:
1. அந்தத் தாய்க்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் சுகமான பிரசவம் கிடைக்க.
2. எங்கள் செவிலியருக்குப் பொறுமையும் தெளிவான வார்த்தைகளும் கிடைக்க.
3. கணவர்களும் மாமியார்களும் தாய்மாரோடு மருத்துவமனைக்கு வந்து கேட்டறிய.