உங்களுக்குத் தெரியுமா? - படிக்குப் படி

திருத்தணி மலைக்கு 365 படி. நாளுக்கு ஒன்று என்று கணக்கு. டிசம்பர் 31 அன்று இங்கே படித் திருவிழா. படிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடி முடித்துத்தான் பஜனைக் கோஷ்டி அடுத்த படிக்கு நகரும். ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்கார துரைகளைப் பார்க்க ஓடிய கூட்டத்தை முருகன் பக்கம் திருப்ப, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம்.

*

நாடுகளின் சந்தோஷத்தை அளப்பதும் படியை வைத்துத்தான்! 'ஓர் ஏணி. அடியில் பூஜ்ஜியம், உச்சியில் பத்து. உங்கள் வாழ்க்கை எந்தப் படியில்?' உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசை இந்த ஒரே கேள்வியில் நிற்கிறது. 2018 முதல் 2025 வரை தொடர்ந்து பின்லாந்துதான் முதலிடம். 2025-ல் அவர்கள் 7.7, நாம் 4.4, 118-ஆம் இடம். நம்மூரில் நன்றாக இருப்பவரும் 'ஏதோ ஓடுது' என்றுதான் சொல்வார். அதற்கு எத்தனை மார்க்கோ!

*

தொலைந்த பர்ஸ் திரும்பி வரும் என்று நம்புகிறவர்கள் அதிக சந்தோஷமாக இருக்கிறார்களாம். மக்கள் நினைப்பதைப் போல சுமார் இரண்டு மடங்கு பர்ஸ்கள் நிஜமாகவே திரும்பி வருகின்றன என்கிறது அதே 2025 அறிக்கை. அடிவாரத்தில் செருப்பை விட்டுவிட்டு ஏறுகிறோமே, அதுவும் இந்த ரகம்தான்.

*

அந்தக் கால லண்டன் மாடி பஸ்ஸில் டிரைவர் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் என்று 1953-ல் கண்டுபிடித்தார் டாக்டர் ஜெர்ரி மாரிஸ். சட்டென்று முடிவுக்கு வந்துவிடாமல் இருவரின் யூனிஃபார்ம் அளவுகளையும் வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பெரிசு! ஆனாலும் படி பக்கம்தான் வெற்றி. மலை உச்சி வரை காரில் போகிறவர்கள் கவனிக்க.

*

ஏறவே முடியாத படியும் உண்டு. 1967-ல் தொடங்கி பிரிட்டன் அரசு ஊழியர்களை ஆராய்ந்தார்கள். யாரும் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் இல்லை. வைத்தியம் எல்லோருக்கும் இலவசம். ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம், உயர் அதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு. சிகரெட், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுசாக மறையவில்லை.

*

நாடே பணக்காரனாகிக்கொண்டு போனாலும் சந்தோஷம் அதே வேகத்தில் ஏறாது என்றார் ரிச்சர்ட் ஈஸ்டர்லின், 1974-ல். அது சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அகவிலைப்படி உயர்ந்த இனிப்பு எத்தனை நாள் நாக்கில் நின்றது என்று ஆபீஸில் விசாரித்துப் பாருங்கள்.

*

2023-ல் அமெரிக்கர்களில் சுமார் நான்கில் ஒருவர், முந்தைய நாள் எல்லா வேளையும் தனியாகவே சாப்பிட்டதாகச் சொன்னார். 2003-ஐவிட இது 53 சதவீதம் அதிகம்.

நம் திருத்தணி கோயிலிலோ பந்தியில்தான் சாப்பாடு; 2021 முதல் நாள் முழுவதும் அன்னதானம். 1960-இல்தான் ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஊர் என்பது பந்தியில் உட்கார்ந்தால் தெரியும். பக்கத்து இலைக்காரர் 'சாரு' என்பார். பரிமாறுகிறவர் மறுபேச்சில்லாமல் ரசத்தை ஊற்றுவார்.