பெற்றோர் தெருவில் இறங்கினார்கள்

1990களில் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் வெள்ளிக்கிழமை இரவு கடைவீதிப் பக்கம் போகப் பெரியவர்களே தயங்கினார்கள். குடித்துவிட்டுக் கூச்சல் போடும் பதின்வயதுப் பிள்ளைகள் கும்பல் கும்பலாகத் திரிந்த காலம் அது. 1998இல் எடுத்த கணக்கெடுப்பில், 15, 16 வயது மாணவர்களில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம்.

பிள்ளைகளின் குடி, சட்டம் இல்லாமல் வந்த வினையல்ல. அந்த நாட்டில் 20 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. அன்று புட்டி வாங்க வேண்டுமென்றால் அரசுக் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. பீருக்கு 1989 மார்ச் 1 வரை தடையே இருந்தது. அப்படியும் பிள்ளைகள் குடித்தார்கள். வளர்கிற வயதில் இதெல்லாம் சகஜம் என்று பெரியவர்கள் விட்டுவிட்டதுதான் அடிப்படைச் சிக்கல். தாங்களும் அந்த வயதில் குடித்தவர்கள் என்பதால் கண்டிக்க அவர்களுக்கு நா எழவில்லை.

ஆய்வாளர்கள் மாணவர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். குடிக்காத பிள்ளைகளிடம் சில பொதுவான விஷயங்கள் தென்பட்டன: வாரத்தில் பல நாள் விளையாட்டுப் பயிற்சி அல்லது இசை வகுப்பு, பெற்றோரோடு கழியும் நேரம், இரவில் நேரத்தோடு வீடு திரும்புவது. குடியின் கேடுகளைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துவதால் பெரிய பயன் இல்லை என்பதும் தெரிந்தது. பெற்றோருக்குச் சொல்லப்பட்ட செய்தி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எப்போதாவது ஒரு நாள் பிள்ளையைச் சுற்றுலா அழைத்துப்போவது போதாது. வார நாட்களில், சாதாரணமாக, நிறைய நேரம் கூட இருக்க வேண்டும். 1997இல் பெற்றோரோடு வார நாட்களில் அடிக்கடி நேரம் கழித்ததாகச் சொன்ன பிள்ளைகள் 23 சதவீதம், 2012இல் 46.

அரசும் கை கொடுத்தது. மது விளம்பரத்துக்குத் தடை வந்தது. 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் பெரியவர் துணையின்றி வெளியே நிற்கக் கூடாது என்ற விதி கண்டிப்பானது. பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்ட ரெய்க்யவிக் மாநகராட்சி குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தருகிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் கால்பந்து ஆட முடிவது இதனால்தான். பள்ளிதோறும் பெற்றோர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்கள்: பிள்ளைகளுக்கு மது வாங்கித் தர மாட்டோம், பெரியவர் இல்லாத விருந்துகளுக்கு அனுமதிக்க மாட்டோம். வார இறுதி இரவுகளில் அவர்களே குழுவாகத் தெருத்தெருவாக நடந்து, அடுத்த வீட்டுப் பிள்ளையையும் தம் பிள்ளைபோல் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

இந்த ஆண்டுகளில் சுவீடன், பிரிட்டன் போன்ற நாடுகளிலும் இளையோர் குடி குறைந்தது. ஆகவே முழுப் பெருமையையும் இந்த முயற்சிகளுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் ஐஸ்லாந்தின் சரிவு செங்குத்தானது. அதில் பெற்றோரின் மனமாற்றத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

1998இல் அந்தக் கணக்கெடுப்புக்குப் பதில் எழுதிய 15 வயதுக்காரர்கள் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகளுக்கு இன்று அதே வயது.